இருபத்தைந்து மடங்கில் தெரிந்தது

நோலா கிரெய்ட்டன் சமையல் மேசைமேல் ரைபிளைக் கிடத்தி, அதன் முதுகில் புதிய ஸ்கோப்பை, குறிபார்க்கும் தொலைநோக்கியை, பொருத்திக்கொண்டிருந்தாள். இரண்டு வளையங்கள், வளையத்துக்கு நான்கு திருகுகள். ஒன்றைக் கால் சுற்று முறுக்கி, எதிர்மூலைக்குப் போய் அதையும் கால் சுற்று முறுக்கினாள். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் குழாய் நசுங்கும். ஜன்னலுக்கு வெளியே துணிக்கொடிக் கம்பத்திலிருந்து ஈயக் குண்டு கட்டிய நூல் தொங்கியது. ஸ்கோப்புக்குள் தெரிந்த நெட்டுக்கோடு அந்த நூலின்மேல் சரியாகப் படியும்வரை குழாயை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள்.

கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான் டூகல். செத்துப்போன கணவனின் அண்ணன். எழுபத்தொரு வயது, பக்கத்துப் பண்ணையில் தனி வீடு. நேராக ரொட்டி டப்பாவைத் திறந்தான்.

"என்னம்மா நோலா, இன்னும் முடியலையா? பொண்ணுக்கு அலங்காரம் பண்ற மாதிரி காலைலேர்ந்து பண்ணிட்டிருக்கே."

"கோணலா மாட்டினா தூரத்துல குண்டு ஒருபக்கமா ஓடும். அந்தக் கேக்கை வை, அது நாளைக்கு மலைக்கு."

"ஒரு துண்டுதான்."

"ரெண்டாவது துண்டு அது. கைக்கட்டை நனைச்சியா?"

"நனைக்கல."

"காட்டு."

செவ்வாய்க்கிழமை வேலிக் கம்பியில் கிழித்துக்கொண்ட இடது புறங்கையை டூகல் நீட்டினான். அன்று அவள் ஒட்டிவிட்ட கட்டு ஓரத்தில் மட்டும் அழுக்காகி, தூக்காமல் ஒட்டியிருந்தது. சரி என்று தலையசைத்துவிட்டு அவள் திருகுக்குத் திரும்பினாள்.

நோலா பிறந்தது தீவின் மேற்குக் கடற்கரையில், மழை விடாத ஒரு சுரங்க ஊரில். ஹாமிஷ் கிரெய்ட்டனைக் கட்டிக்கொண்டு ஹக்காட்டராமியா பள்ளத்தாக்குக்கு வந்தபோது அவளுக்கு இருபத்துநான்கு வயது. அவனுக்கு அணைக்கட்டில் வேலை. வீட்டில் இரண்டு குழந்தைகள், பெரிய உறைபெட்டி, அதை நிரப்ப மலையில் மான்கள். அவனுக்கு வேட்டைக்கு நேரமில்லாத ஆண்டுகளில் அவளே ரைபிளை எடுத்துக்கொண்டு போனாள். நன்றாகச் சுட்டாள். சுட்டதை அங்கேயே கிழித்துச் சுத்தம் செய்து, நாலு கூறாக்கி முதுகில் சுமந்து இறங்கினாள். பிழைப்புக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் முதியோர் இல்லத்தில் இருபத்தாறு ஆண்டு வேலை. புரட்டிப் படுக்கவைப்பது, குதிகால் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது, பார்த்ததை எழுதிவைப்பது. எழுதாதது நடக்காதது என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஸ்கோப்பையும் அப்படித்தான் பார்த்தாள். பள்ளத்தாக்கின் மான்வேட்டைச் சங்கத்துக்கு எந்தக் கம்பெனி ஸ்கோப் அனுப்பினாலும் அது நோலா வீட்டுக்கு வரும். புதிதாகச் சேர்க்கும் நோயாளிக்குப் போடுவதுபோல் ஒரு படிவம் வைத்திருந்தாள், இரண்டு பக்கம், முப்பத்தெட்டுக் கட்டங்கள். ஒன்றைக்கூடக் காலியாக விடமாட்டாள். அவள் எழுதுவது சங்கத்தின் செய்தி மடலில் வரும். அதைப் படிக்காமல் அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் ஸ்கோப் வாங்குவதில்லை.

அதைவிட அவள் பெரிதாக நினைத்த வேலை வேறு. வருஷத்துக்கு மூன்று முறை, ஞாயிற்றுக்கிழமைகளில், ஊர் மண்டபத்தில் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தாள். பதினேழு வருஷமாக எடுக்கிறாள். பள்ளத்தாக்கில் உரிமம் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் அவளிடம் உட்கார்ந்தவர்கள். ஓய்வு பெற்று, ஹாமிஷும் போய், பிள்ளைகள் பிரிஸ்பேனில் நிலைத்த பிறகு, வாரத்தில் எந்த நாள் எதற்கு என்று அவளுக்குச் சொன்னது அந்த வகுப்புதான். அடுத்த வகுப்பு இந்த ஞாயிறு.

இந்த ஸ்கோப் ஐந்து மடங்கிலிருந்து இருபத்தைந்து மடங்குவரை காட்டும். நெடுந்தூர வேட்டைக்காரர்களுக்கென்று செய்தது. மாட்டுவதற்கு முன்பே நோலா அதை ஒரு பகல் முழுக்க உறைபெட்டியில் ஆட்டுக்கறிக்கும் பட்டாணிக்கும் நடுவே வைத்தாள். எடுத்ததும் வெந்நீர்த் தொட்டியில் முக்கினாள். கண்ணாடிக்குள் பனி படரவில்லை. டூகலின் வண்டியின் பின்தட்டில் கட்டி, சரளைச் சாலையில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை, மாட்டி முடித்த கையோடு, நூறு மீட்டரில் நெட்டுக் காகிதம் ஒட்டிச் சுட்டாள். மேல்திருகை அறுபது சொடுக்கு ஏற்றினால் குண்டு அறுபது சென்டிமீட்டர் ஏறவேண்டும். அளந்தாள், அறுபது. வலப்பக்கம் இருபது, கீழே அறுபது, இடப்பக்கம் இருபது என்று ஒரு பெட்டி வரைவதுபோல் சுற்றிவந்து கடைசிக் குண்டைப் போட்டபோது அது முதல் குண்டின் ஓட்டையையே கொஞ்சம் அகலப்படுத்தியது.

"நல்ல சாமான்தான் போல," என்றான் டூகல்.

"கண்ணாடி நல்லது. திருகு பொய் சொல்லல. ஆனா இருபத்தஞ்சுல கண்ணு ஒரு நூல் விலகினாலும் கறுப்பு விழுது. காட்சி ஓட்டை வழியா பாக்குற மாதிரி சுருங்கிடுது. மானோட காது தெரியும், மான் எங்கன்னு தெரியாது."

"அப்ப வேணாம்னு எழுதிடுவியா?"

"இன்னும் ஒரு கட்டம் பாக்கி இருக்கு. மலையில, மங்கின வெளிச்சத்துல பாக்கணும்."

சனிக்கிழமை மதியம் இருவரும் மலையேறினார்கள். ஏப்ரல் மாதம், கிடா மான்கள் பெண்ணுக்காக முழங்கும் காலம். அந்தக் காலத்தில் வேட்டைக்காரர்களும் முழங்குவார்கள். வாக்யூம் கிளீனரின் நெளிகுழாயை ஒரு கை நீளத்துக்கு வெட்டி, வாயில் வைத்துக் கிடாவைப்போல் உறுமினால், போட்டிக்கு வந்தது யார் என்று பார்க்க நிஜக் கிடா வரும். மலையிடுக்கில் பிரிந்தபோது பேச்சு தெளிவாகவே இருந்தது. டூகல் மேற்குச் சரிவு, நோலா கிழக்குச் சரிவு. நடுவில் இருக்கும் ஓடையை யாரும் தாண்டக்கூடாது. மனிதன் என்று தூரத்திலேயே தெரிவதற்காக மேலே மாட்டிய ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றக்கூடாது. இருளும் முன் வண்டிக்குத் திரும்பவேண்டும்.

அன்று நோலா ஒரு தவறு செய்தாள். பைனாகுலரை வண்டியிலேயே வைத்துவிட்டாள். கழுத்தில் அது தொங்கினால் கை தானாக அதற்குத்தான் போகும், ஸ்கோப்பைச் சோதித்ததாக ஆகாது என்று நினைத்தாள். சோதனையை நேர்மையாகச் செய்கிறோம் என்ற எண்ணத்தில் செய்த தவறு. ஸ்கோப்பால் தேடக்கூடாது, ஏனென்றால் ஸ்கோப் திரும்பும் பக்கமெல்லாம் குழலும் திரும்பும். பதினேழு வருஷமாக அவள் கரும்பலகையில் முதல் வரியாக எழுதுவது அது.

ஐந்து மணிக்குமேல் வெயில் சிகரத்துக்குப் பின்னால் போனது. நோலா ஒரு பாறை விளிம்பில் குப்புறப் படுத்து, முதுகுப்பையின்மேல் ரைபிளை வைத்து, குழாயை எடுத்து ஒருமுறை முழங்கினாள். சிறிது நேரத்தில் ஓடைக்கு இந்தப் பக்கம், சரிவின் அடியிலிருந்து பதில் வந்தது. கரகரத்த, ஆழமான குரல், வயதான கிடா. அவள் மறுபடி முழங்கினாள். பதில் இன்னும் கோபமாக வந்தது, கடைசியில் இருமலும் சேர்ந்து. இருபது நிமிடம் இப்படி. இவ்வளவு பெரிய நெஞ்சுள்ள கிடாவை அவள் ஏழெட்டு வருஷமாகக் கேட்டதில்லை. கை விரல்கள் சூடாகிவிட்டன. என்ன வயதானாலும் அந்தக் குரல் பக்கத்தில் கேட்டால் அப்படித்தான் ஆகும்.

மடங்கை ஆறில் வைத்துச் சரிவைத் துழாவினாள். முந்நூறு மீட்டரில், மட்டகூரி முட்புதர்களுக்கு நடுவே, ஒரு பழுப்பு அசைந்தது. தோள், வளைந்த கழுத்து, அதற்குமேல் கிளை பிரிந்த கொம்பு. முப்பது வருஷம் மான் பார்த்த கண் கொஞ்சம் கிடைத்தால் மிச்சத்தைத் தானே வரைந்துகொள்ளும். புதிதாக வந்தவனுக்கு அங்கே வெறும் பழுப்புதான் தெரிந்திருக்கும். நோலாவுக்குக் கிடா முழுசாகத் தெரிந்தது. முழக்கம் மறுபடி எழுந்தது, அந்தப் பழுப்பிலிருந்தேதான். போல்ட்டைத் தள்ளி தோட்டாவை ஏற்றினாள். கட்டைவிரலால் பாதுகாப்புப் பூட்டை விடுவித்தாள்.

அப்போதுதான் படிவம் ஞாபகம் வந்தது. முப்பத்தைந்தாவது கட்டம்: மங்கிய ஒளியில், அதிகபட்ச மடங்கில், கொம்பின் கிளைகளை எண்ண முடிகிறதா? சுட்ட பிறகு எண்ணினால் அது சோதனை ஆகாது. ஒரு நிமிடம் போகட்டும் என்று, விசைக்காப்புக்கு வெளியே விரலை நீட்டிவைத்தபடி, இடது கையால் மடங்கு வளையத்தை இருபத்தைந்துவரை திருப்பினாள்.

காட்சி குதித்தது. அவளுடைய நாடித்துடிப்புக்கே குதித்தது. இலை, முள், வெறும் வானம், மறுபடி முள். பழுப்பைக் கண்டுபிடிக்க நேரமானது. கிடைத்ததும் நிறுத்தினாள். பழுப்புக்கு நூலிழை இருந்தது. கம்பளி நூல். அதில் ஒரு பொத்தான். பொத்தானுக்குக் கீழே, நெளிகுழாயைப் பிடித்திருந்த ஒரு கை, கையின் முதுகில் ஒரு வெள்ளைச் சதுரம். சதுரத்தின் நான்கு மூலைகளும் வட்டமாக வெட்டியிருந்தன. மூலையை அப்படி வெட்டினால் கட்டு ஓரம் தூக்காது. அந்தப் பள்ளத்தாக்கில் அப்படி வெட்டி ஒட்டுவது ஒரே ஒரு ஆள்தான்.

நோலா பூட்டைப் போட்டாள். குழலை வானத்துக்குத் திருப்பினாள். போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுத்துப் பையில் போட்டாள். மற்ற தோட்டாக்களையும் இறக்கினாள். அறை காலி என்று சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள், இருமுறை. எல்லாம் வரிசையாக நடந்தது. அதற்குப் பிறகு பாறையில் சாய்ந்து உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினாள். நூற்று இருபத்தெட்டு. மிட்டாய் கரையும்வரை காத்திருந்தாள். பிறகு எழுந்து, ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றித் தலைக்குமேல் ஆட்டினாள்.

"டூகல்! குழாயைக் கீழ போடு!"

முழக்கம் பாதியில் நின்றது.

"யாரது? நோலாவா? ஏம்மா, கத்தி என் கிடாவை வெரட்டிட்டியே!"

"உன் கிடா நான்தான்யா!"

முட்புதர்களுக்கு மேலே டூகலின் தலை எழுந்தது.

"பொய் சொல்றே," என்றான், மனம் ஒடிந்துபோய். "அது பன்னெண்டு கிளைக் கிடா."

வண்டிக்கு நடக்கும் வழியெல்லாம் டூகல்தான் பேசினான். மேற்குச் சரிவில் முழங்கால் ஒத்துழைக்கவில்லையாம். ஓடையோரம் சமமாக இருந்ததால் தாண்டி வந்தானாம். ஆரஞ்சுச் சட்டை எங்கே என்று நோலா கேட்டாள். தரை ஈரமாக இருந்ததால் அதன்மேல் உட்கார்ந்திருந்தானாம்.

"நான் பைனாகுலர்ல உன்னை அரைமணி நேரமா தேடறேன், ஒரு கொம்பும் தெரியல. ரைபிளைப் புதர்ல சாத்தி வெச்சிட்டு, இந்தக் கிடா ரொம்பக் கெட்டிக்காரன்னு நெனச்சுக்கிட்டேன். கடைசில பாத்தா நம்ம நோலா. உனக்கு இந்தக் குரல் எங்கேர்ந்து வந்துச்சு? ஹாமிஷ் பாவம்."

நோலா சிரிக்கவில்லை. வண்டியின் பின்தட்டைத் திறந்து, அவனை உட்காரச் சொன்னாள்.

"டூகல், என் குழல் உன்மேல இருந்துச்சு. தோட்டா ஏத்தியிருந்தேன். பூட்டு போடல."

அவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கை நின்றது.

"எவ்ளோ நேரம்?"

"மடங்கைத் திருப்பற நேரம். கொம்பு எண்ணலாம்னு திருப்பினேன். திருப்பாம இருந்தா சுட்டிருப்பேன்."

டூகல் அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டினான்.

"எப்படித் தெரிஞ்சேன்? தெளிவா?"

"சட்டையில ரெண்டாவது பொத்தான் இல்ல. தச்சுப் போடு."

அவன் குனிந்து பார்த்தான். உண்மைதான். சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு, அது நிற்க மாட்டேனென்று இருமலாகி, கண்ணில் நீர் வந்து, அதைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். நோலா மிச்சமிருந்த கேக்கை அவனிடம் கொடுத்தாள். இருவரும் தின்றார்கள். உயிரோடிருக்கும் ஒரு ஆள் பக்கத்தில் கேக் மெல்லும் சத்தம் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"இத யாருக்கும் சொல்லாதே," என்றான் டூகல். "ஓடையத் தாண்டினது நான். சட்டைமேல உக்காந்தது நான். நாளைக்கு உனக்கு வகுப்பு இருக்கு. எனக்கு ஒண்ணும் ஆகல. விட்டுடு."

"ஓடையத் தாண்டினதுக்கு உன்னைத் திட்டணும். அது வேற. தோட்டாவ ஏத்தினது நீ இல்ல."

"வகுப்பப் புடுங்கிடுவாங்கம்மா."

"தெரியும்."

நன்றாகவே தெரியும். அந்த விதியை எழுதியதே அவள். நிரப்பிய துப்பாக்கியை மனிதன் பக்கம் திருப்பியவர் ஒரு வருஷம் சங்கத்தின் எந்தப் பொறுப்பிலும் இருக்கக்கூடாது, மறுபடி வகுப்பில் உட்கார்ந்து தேர்வு எழுதவேண்டும். ஆறு வருஷத்துக்கு முன் பாக்ஸ்டர் என்ற ஆட்டு ரோமம் கத்தரிப்பவனை அப்படி நிறுத்தியிருந்தாள். இருட்டாக இருந்தது, தெரியாமல் நடந்தது என்று அவன் எவ்வளவோ சொன்னான். தெரியாமல்தான் எல்லாரும் செய்கிறார்கள் என்று அவள் பதில் சொன்னாள். அவன் அத்தோடு சங்கத்தைவிட்டே போனான்.

வீட்டுக்கு வந்து, ரைபிளைப் பூட்டி வைத்து, கை கழுவிவிட்டு, ராவிரிக்குப் போன் செய்தாள். ராவிரி சங்கச் செயலாளர். பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். முதன்முதலில் ரைபிள் பிடிக்க அவளிடம்தான் கற்றான்.

"என்ன அத்தை, ஸ்கோப் எப்படி? நான் ஒண்ணு வாங்கலாமா?"

"அது அப்புறம். உக்காந்துகிட்டுக் கேளு."

நடந்ததை நடந்த வரிசையிலேயே சொன்னாள். மறுமுனையில் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த ரக்பி ஆட்டத்தின் சத்தம் அணைந்தது.

"அத்தை, நான் இத கேக்கவே இல்லன்னு வெச்சுக்கலாமா?"

"கூடாது."

"டூகல் மாமா நல்லா இருக்காரா?"

"என் கேக்கைத் தின்னுட்டு வீட்டுக்குப் போயிருக்கான்."

"கடவுளுக்கு நன்றி." "விதி உங்களுக்குத் தெரியும். நான் என்ன சொல்றது? காலைல வகுப்புக்குப் பதினோரு பேர் வராங்க. நான் எடுக்கறேன். நீங்க வீட்டுல இருங்க, உடம்பு சரியில்லன்னு சொல்லிடறேன்."

"என் உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நானும் வரேன். பதினோரு நாற்காலி போடறதுக்குப் பதிலா பன்னெண்டு போடு."

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "பாக்ஸ்டருக்கும் ஒரு போன் பண்ணுவீங்களா?" என்றான்.

அது அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. கேட்டதற்கு அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். பாக்ஸ்டரின் எண்ணைத் தேடியெடுத்துப் பேசினாள். நீண்ட பேச்சில்லை. அவன் முழுசாகக் கேட்டான். பிறகு, "அப்ப நீங்களுமா," என்றான். குரலில் குத்தல் இல்லை. டூகலை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னான்.

படுத்ததும் தூங்கிவிட்டாள். அதற்கும் நன்றியோடிருந்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்து கஞ்சி வைத்தாள். அது கொதிக்கும் நேரத்தில் படிவத்தை முடித்தாள். கண்ணாடி: மிக நன்று. திருகுகள்: உண்மையானவை. குளிர், நீர், அதிர்ச்சி: தாங்கியது. முப்பத்தைந்தாவது கட்டத்தில் எழுதினாள்: "முந்நூறு மீட்டரில், வெயில் போனபின், சட்டையில் பொத்தான் இல்லாததும் தெரிந்தது. கொம்பு அங்கே இல்லவே இல்லை. ஆறு மடங்கில் இருந்தது." அதற்குக் கீழே என்ன நடந்தது என்பதைப் பெயர்களோடு எட்டு வரியில் எழுதினாள். கடைசிக் கட்டமான பரிந்துரையில்: "வாங்கலாம். கழுத்தில் பைனாகுலர் இல்லாமல் இதை எடுத்துக்கொண்டு மலையேறாதீர்கள். இந்தக் கண்ணாடியைத் தீட்டியவர் யாரென்று தெரியாது. அவருக்கு என் நன்றி."

ஒன்பது மணிக்கு மண்டபத்தில் பன்னிரண்டு நாற்காலிகள் போட்டிருந்தன. ராவிரி அழைத்ததும் அவள் முன்னால் போய் நின்று, நான்கு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். சுவரோரம் சாய்ந்து நின்ற டூகலை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்தான், மண்டபத்துக்குள்ளேயே.

"என்ன பாக்கறீங்க? அந்தக் கிடா நான்தான்," என்றான். "பன்னெண்டு கிளை."

முன்வரிசையில் ஒரு பண்ணைப் பெண் கைதூக்கினாள். "இவ்ளோ வருஷம் சொல்லிக்கொடுத்த உங்களுக்கே இப்படின்னா, நாங்க எப்படி?"

"அதான் எனக்கும் கேள்வி," என்றாள் நோலா. "நான் பார்த்தது மான் இல்ல. பார்க்கணும்னு ஆசைப்பட்டது மான். ஆசை வந்துட்டா இன்னொரு தடவை பாருங்க. வேற கண்ணாடியில பாருங்க. தோட்டா அதுக்கப்புறம்."

சாக்பீஸை ராவிரியிடம் கொடுத்துவிட்டு, கடைசி வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் அவன் சொன்னதைக் கேட்டாள். ஓரிடத்தில் அவன் தப்பாகச் சொன்னான், திருத்த வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டாள். அவனே திருத்திக்கொண்டான். தேர்வுத் தாள் வந்ததும் பெயர், முகவரி, பிறந்த தேதி எழுதி, முப்பது கேள்விகளையும் இருமுறை படித்துப் பதில் எழுதினாள். எழுதி முடித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எல்லாருக்கும் தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் பின்கட்டுக்குப் போனாள்.